ஒரு தட்டு என்றால் ஆமாம்

ஆம்புலன்ஸுக்கு போன் செய்கிறவர்கள் யாரும் அழகாகப் பேசுவதில்லை. கத்துவார்கள், திட்டுவார்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவரோடு சண்டை போடுவார்கள். அப்பா மயங்கிக் கிடக்கிறார் என்று சொல்ல வந்தவர், அப்பாவுக்குச் சர்க்கரை வந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். இந்தக் கூச்சலெல்லாம் வந்து விழுகிற இடம் ஜன்னலே இல்லாத ஒரு நீளமான அறை. அங்கே காதில் ஹெட்போனும் எதிரே கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்திக்கு ஐஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிர்முனையில் வீடே பற்றி எரிந்தாலும் அவள் குரலில் சூடு ஏறாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் 'ஐஸ் அக்கா' என்பார்கள். அவளுக்கும் அந்தப் பெயரில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமை அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வேலைக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் கேள்வி 'என்ன ஆச்சு' அல்ல, 'எங்க இருக்கீங்க'. பாதியில் லைன் அறுந்தாலும் வண்டி போய்ச் சேர வேண்டிய இடமாவது தெரிந்திருக்கும். அடுத்தது, 'ஏன்' என்ற சொல்லை வாயிலிருந்து வர விடவே கூடாது. ஏன் விழுந்தார், ஏன் குடித்தார் என்று கேட்டால் போதும், மனிதர்கள் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். விழுந்தவர் விழுந்தபடியே கிடப்பார். மூன்றாவது, பேச்சே வராத அழைப்புகள். முன்பெல்லாம் யாரோ விளையாடுகிறார்கள் என்று அதை அப்படியே துண்டித்துவிடுவார்கள். ஐஸ்தான் ஒருநாள் அப்படி வந்த அழைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, "பேச முடியலன்னா போனை விரலால தட்டுங்க. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு" என்றாள். ஒரு தட்டு கேட்டது. கூடத்தில் புருஷன் கத்தியோடு உட்கார்ந்திருக்க, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பெண் தட்டிய தட்டு அது. அந்தப் பெண் பிழைத்தாள்.

அதற்குப் பிறகு, பேச்சில்லாத அழைப்புக்கென்று ஒரு கேள்வி வரிசையை உருவாக்கும் பொறுப்பை ஐஸிடமே கொடுத்தார் மேடம். மேடம் என்றால் அந்த அறைக்கே தலைமை. எல்லா அழைப்பும் பதிவாகும், வாரா வாரம் அதையெல்லாம் கேட்டுத் தவறு கண்டுபிடிப்பது அவர் வேலை. அடிபட்டிருக்கா, மூச்சு விட முடியுதா, யாராவது உங்களை அடிக்கிறாங்களா, வீட்ல ஏதாவது எரிஞ்சிட்டிருக்கா என்று ஐஸ் எழுதிய வரிசையை எல்லோரும் நெட்டுருப் போட்டார்கள். கடைசியில் ஒரு வாசகம் மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு. "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." மற்றவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் வாயில் அது எடுபடவில்லை, விட்டுவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கிற மூச்சு விடும் நேரத்திலும் தன் வீட்டுக் குழாய் ஒழுகியதைப் பற்றிப் பேசுவார். நல்ல மனுஷன். ஐஸுக்கு அண்ணன் வயது.

இப்போது வீட்டுக்கு வருவோம். மூன்றாவது மாடி. ஐஸின் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பொருத்துகிறவர், அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத அக்கம்பக்கம் இல்லை. மாதத்தில் பாதி நாள் அவர் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நிற்பார், சிக்னல் இருக்காது. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. பிள்ளைகளிடம் ஒரு கோளாறும் இல்லை. மூன்று வயதுக்கு என்ன உண்டோ அதுதான் சின்னவனுக்கும். நீலக் கப்பில் கொடுத்தால் சிவப்புக் கப் வேண்டும், சிவப்பில் கொடுத்தால் தரையில் உருள வேண்டும். இதையெல்லாம் சாதாரணம் என்கிறோம். ஒருத்தி தனியாகத் தினம் தினம் செய்தால் சாதாரணமும் ஆளைத் தின்றுவிடும் என்பதை நாம் யாரும் பேசுவதில்லை.

வேலை முடிந்து, பாலர் காப்பகத்திலிருந்து சின்னவனையும் பள்ளியிலிருந்து பெரியவளையும் கூட்டிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளில், பிள்ளைகளை முதலில் மேலே ஏறச் சொல்லிவிட்டு, தான் மட்டும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்க ஆரம்பித்தாள். சாவி அவள் கையில். மேலேயிருந்து சின்னவன் கதவை உதைக்கும் சத்தம் கேட்கும். போக வேண்டும் என்று தெரியும், கால் போகாது. ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்பும்போதெல்லாம் படுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல் பொறாமையாக இருக்கும். தனக்கு ஒரு கால் முறிந்தால் தேவலாம் என்று தோன்றியது. பெரிதாக வேண்டாம், சின்ன முறிவு, ஒரு வாரம் யாராவது தட்டில் சாப்பாடு கொண்டு வந்து வைப்பார்கள். இப்படி நினைத்துவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். அப்புறம் மறுநாளும் நினைத்தாள்.

வீட்டில் அவள் கத்துவதில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. எதிர் வீட்டு அம்மாள் "உனக்கு எவ்வளவு பொறுமை!" என்று மெச்சுவார். பொறுமையாவது மண்ணாவது. பிள்ளைகளிடம் கொட்டிக் கொடுக்கக் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. காலியான டப்பாவைத் தட்டினால் சத்தம் மட்டும் வருமே, அப்படி அவளிடமிருந்து ஹெட்போன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "சரி. இப்ப எங்க வலிக்குது? காட்டுங்க. தண்ணி குடிச்சீங்களா?" பெற்ற பிள்ளையை வாங்க போங்க என்று கூப்பிடுகிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பெரியவள்தான் ஒருநாள் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அம்மா, ஆபீஸ் குரல்ல பேசாதம்மா" என்றாள்.

"நான் நல்லாத்தானே பேசறேன்?"

"நல்லாத்தான் பேசற. ஆனா நீ பேசல."

அன்று ராத்திரி வீட்டுக்காரர் போனில் வந்தபோது சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு முடியலங்க."

"காய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன என்ன? கொஞ்சம் பொறுத்துக்கோ. இந்தக் கட்டடம் முடிஞ்சதும் வந்துடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. எந்த இடத்தில் வலிக்கிறது என்று காட்டினால் ஓடி வந்து தாங்குகிற ஆள்தான். இவளுக்குக் காட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை. ரேடியோவும் ஒருதரம் கேட்டார். "ஐஸ், உங்களை யாராவது ஃப்ரீசர்ல வச்சிட்டாங்களா? சிரிச்சே பல நாள் ஆச்சு." அவள் சிரித்துக் காட்டினாள். அவரும் நம்பிக் குழாய்க் கதைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். காப்பகத்தில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இருந்த விடுமுறையெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் அவளுடைய வார ஓய்வு நாள் வந்தது. பெரியவளுக்கும் பள்ளி இல்லை. ராத்திரி முழுக்க சின்னவன் அவள் மார்பிலேயே படுத்துப் புரண்டதில் அவள் கண் மூடவே இல்லை. பகலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மருந்து பாட்டிலும் கரண்டியுமாக அவன் எதிரே உட்கார்ந்தாள்.

முதல் கரண்டியைத் துப்பினான். அவள் துடைத்தாள். இரண்டாவதை அவள் முகத்திலேயே துப்பினான். அதையும் துடைத்தாள். "பயப்படாதீங்க. கொஞ்சம்தான். வாயைத் திறங்க" என்றாள், அதே குரலில். அவன் பாட்டிலைப் பிடுங்கி வீசினான். சுவரில் பட்டு உடைந்து, மிச்சமிருந்த மருந்தெல்லாம் தரையில் ஓடியது.

அவள் அவன் மேல்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவன் பாதம் தரையை விட்டு எழும்பிவிட்டது. இன்னொரு கை ஓங்கியிருந்தது. எப்போது ஓங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தான். அவன் கண்ணில் கேள்விகூட இல்லை, வெறும் பயம். அப்போது வாசற்படியிலிருந்து பெரியவளின் குரல் வந்தது. கத்தவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"அம்மா. அவனைக் கீழ விடு."

விட்டாள். அவன் கையில் விரல் விரலாகச் சிவந்திருந்தது. அதைப் பார்த்தாள். எழுந்தாள், நடந்தாள், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

 வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வருத்தமாக இருக்க வேண்டும், அழ வேண்டும், ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி அணைக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அந்தக் கைக்கு இன்னும் அடிக்க வேண்டும் போலவே இருந்தது. இப்போது கதவைத் திறந்தால், அவன் மறுபடி ஒரு சிணுங்கல் சிணுங்கினால், என்ன நடக்கும் என்று அவளால் உறுதி சொல்ல முடியவில்லை. எத்தனையோ வீடுகளின் அந்த நிமிஷத்தை அவள் ஹெட்போனில் கேட்டிருக்கிறாள். தெரியாம நடந்துபோச்சு, தெரியாம நடந்துபோச்சு என்று அழுகிற குரல்களை.

அப்புறம்தான் அடுப்பு நினைவுக்கு வந்தது. பால் கொதித்துப் பொங்கி நெருப்பை அணைத்திருந்தால் கேஸ் கசியும். பொங்காமல் தீய்ந்திருந்தால் பாத்திரம் பற்றும். தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு, வெறுங்காலோடு இரண்டு பிள்ளைகள். வெளியே போக வேண்டும். வெளியே போனால் இந்தக் கையும் கூடவே வரும்.

வீட்டுக்காரருக்கு போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. லிஃப்ட் குழி. அடுத்து அவள் விரல் தானாக அழுத்திய எண் எது என்று, மணி அடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆம்புலன்ஸ் உதவி மையம். எங்க இருக்கீங்க?"

ரேடியோவின் குரல்.  ஒரு வார்த்தை பேசினால் கண்டுபிடித்துவிடுவார். பதிவாகிவிடும். மேடம் கேட்பார். ஐஸ் அக்கா பெற்ற பிள்ளையை அடித்துப் போட்டாளாம் என்று அந்த நீளமான அறை முழுக்கப் பேசும். வேலையும் போகும், பிள்ளைகளையும் பறித்துக்கொள்வார்களோ? வைத்துவிடலாம் என்று விரலை எடுத்தாள்.

"ஹலோ? பேச முடியலன்னா பரவாயில்ல, போனை விரலால தட்டுங்க. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு. நான் சொல்றது கேக்குதா?"

அவள் சொல்லிக் கொடுத்த வாசகம். ஒரு தட்டு தட்டினாள்.

"நல்லது. உங்களுக்கு அடிபட்டிருக்கா?"

இரண்டு தட்டு.

"மூச்சு விட முடியுதா?"

ஒரு தட்டு.

"உங்களை யாராவது அடிக்கிறாங்களா? அடிக்க வர்றாங்களா?"

இரண்டு தட்டு.

"வீட்ல ஏதாவது எரிஞ்சிட்டிருக்கா?"

ஒரு தட்டு. ரேடியோவின் நாற்காலி கிறீச்சிட்டது. முன்னால் நகர்ந்து உட்கார்கிறார்.

"தீ பிடிச்சிருக்கா?" இரண்டு. "அடுப்பா?" ஒன்று. "போய் அணைக்க முடியுமா?"

அவள் தட்டவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"உங்களை யாராவது பூட்டி வச்சிருக்காங்களா?" இரண்டு. "நீங்களே பூட்டிக்கிட்டீங்களா?" ஒன்று. "வெளிய யாரையாவது பாத்து பயமா?" இரண்டு.

அதோடு வரிசை முடிந்துவிட்டது. ரேடியோ திணறுவது அவளுக்குக் கேட்டது. அந்த வரிசையை எழுதும்போது அவள் எத்தனை வீடுகளை நினைத்துப் பார்த்தாள்! அடி வாங்குகிறவள், மூச்சு முட்டுகிறவர், தீயில் மாட்டியவர் என்று எல்லோருக்கும் ஒரு கேள்வி வைத்தாள். அடிக்கப் போகிறவளே பயந்துபோய் போன் செய்தால் என்ன கேட்பது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வேறு ஜாதி மனுஷர்கள் என்று நினைத்திருந்தாள்.

அப்போது கதவுக்கு வெளியே பெரியவளின் குரல் கேட்டது. தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க வலிக்குது? கைய காட்டுங்க. சரி, மூச்சு விட முடியுதா? தண்ணி குடிங்க. பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

 அணைக்க முடியாத ரேடியோ முதல்முறையாக அணைந்திருந்தது.

திரையில் எண் தெரியும்தான், ஆனால் இந்தக் காலத்தில் யாருக்கு யார் எண் மனப்பாடம்? அந்த வாசகம் மட்டும் அவருக்கு மனப்பாடம். மறுபடி பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. பேரைச் சொல்லவில்லை.

"சரிங்க. எங்க இருக்கீங்கன்னு இனிமே கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும். இது வரிசையில இல்லாத கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு உங்களைப் பாத்தே பயமா இருக்கா?"

அவள் தட்டினாள். ஒரே தட்டு. தட்டிய பிறகும் விரலைப் போனிலிருந்து எடுக்க முடியவில்லை.

"புரியுது. மொதல்ல அடுப்பு. நீங்க வெளிய போக வேணாம். உள்ள இருந்தே பாப்பாகிட்ட சொல்லுங்க. எந்தக் குரல் வருதோ அந்தக் குரல்ல சொல்லுங்க, போதும்."

வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் கரகரத்து உடைந்த ஒரு குரல். "கண்ணு... அடுப்பு... அடுப்பை அணைச்சிடும்மா."

"அப்பவே அணைச்சிட்டேன்மா" என்றாள் பெரியவள், கதவுக்கு வெகு பக்கத்திலிருந்து. "கண்ணாடிய எல்லாம் பெருக்கிட்டேன். செருப்பு போட்டுக்கிட்டுதான் பெருக்கினேன். தம்பி கட்டில் மேல இருக்கான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ வெளிய வர வேணாம்மா. அங்கயே இரு. நான் பாத்துக்கறேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அக்கறையாகச் சொன்னாள். ஏழு வயதுக் குழந்தை தம்பியைத் தாயிடமிருந்து காப்பாற்றுகிறது, தாயைத் தாயிடமிருந்தே காப்பாற்றுகிறது, கூடவே அடுப்பையும் பார்த்துக்கொள்கிறது. இது இன்றைக்கு ஆரம்பித்ததாக இருக்க முடியாது. எத்தனை நாளாக இவள் வாசற்படியில் நின்று அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? அந்த எண்ணம் வந்ததும் ஐஸ் உடைந்தாள். வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், பக்கெட் மேல் உட்கார்ந்தபடி ஓவென்று அழுதாள்.  ரேடியோவின் மூச்சு மட்டும் காதில் வந்துகொண்டே இருந்தது.

அழுகை தணிந்ததும் கேட்டார். "வண்டி அனுப்பட்டுமா?"

இரண்டு தட்டு.

"ஆள் அனுப்பட்டுமா? என் வீட்டுக்காரி. பக்கத்துலதான் தையல் கடையில இருக்கா. ஓடி வந்துடுவா. ஒண்ணும் கேக்க மாட்டா. அவ பேசற ஆளே இல்ல, எங்க வீட்டுல பேச்சு டிபார்ட்மென்ட் நான்தான்."

நெடுநேரம் அவள் விரல் போன் மேலேயே நின்றது. ஆமாம் என்றால் வெளியே தெரிந்துவிடும். இல்லை என்றால் கதவைத் திறந்துகொண்டு தனியாகப் போக வேண்டும், அந்தக் கையோடு.

ஒரு தட்டு.

ரேடியோவின் மனைவி, அண்ணி, வந்தாள். கழுத்தில் தையல்காரியின் அளவு நாடா தொங்க, கடையிலிருந்து எழுந்து வந்த கோலத்திலேயே வந்தாள். "யாரு?" என்று உள்ளேயிருந்து பெரியவள் விசாரிக்க, "ரேடியோ மாமா வீட்டு அத்தை" என்றாள். நேரே குளியலறைக் கதவுக்கு வந்து, "நான் வந்துட்டேன். பிள்ளைங்க நல்லா இருக்காங்க. நீங்க எப்ப வரணுமோ அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டு, சின்னவனை மடியில் போட்டு அவன் கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. ஐஸ் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தபோது, அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, படுக்கையைக் காட்டினாள். ஐஸ் மருந்து கொட்டிய துணியோடேயே படுத்தாள். கண் விழித்தபோது வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது.

ராத்திரி ரேடியோ போன் செய்து சொல்ல, வீட்டுக்காரர் மறுநாளே வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, "ஏன் எங்கிட்ட சொல்லல? ஏன் இவ்வளவு தூரம் விட்ட?" என்றார்.

"ஏன்னு கேக்காதீங்க" என்றாள் அவள். "ஏன்னு கேட்டா நான் நியாயம் பேச ஆரம்பிச்சிடுவேன். எங்க இருக்கேன்னு கேளுங்க."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்டார். "சரி, எங்க இருக்க?"

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல. பல மாசமா அங்கதான் நிக்கறேன்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். பிள்ளை வளர்ப்பிலேயே ஆள் எரிந்து தீர்ந்துபோவதாம். பெயர் இருக்கிறது என்று தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். "கடைசியா எப்ப யாரும் கூப்பிடாம உக்காந்து சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். கோபம் ஏறும்போது பிள்ளையை விட்டு விலகிப் போனது சரி, ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்கு வர ஒரு ஆள் வேண்டும் என்றார். வீட்டுக்காரர், புது லிஃப்ட் மாட்டும் பிரிவிலிருந்து உள்ளூரில் பழைய லிஃப்ட்டைப் பராமரிக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். அதுவரை ஓய்வு நாள்தோறும் ஊருக்கு வந்தார். சமைத்தார், அது வாயில் வைக்க முடியாதபடி இருந்தது, ஆனால் அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். வாரத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளை அண்ணி தன் கடைக்குக் கூட்டிப்போனாள்.

ஒருநாள் மேடம் ஐஸைக் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் கதவைச் சாத்தினார். "பேச்சில்லாத அழைப்பு ஒண்ணு கேட்டேன். அது யார் வீடுன்னு நான் தெரிஞ்சுக்க விரும்பல. ஆனா நீங்க எழுதின வரிசையில ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கு. அதைச் சேத்துடுங்க." அவள் தலையாட்டினாள். கதவு வரை போனவளை மேடம் மறுபடி கூப்பிட்டார். "என் பிள்ளைங்க சின்னதா இருந்தப்ப நான் மொட்டை மாடிக்குப் போய் நிப்பேன்" என்றார், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு. 

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிடலாம். பெரியவள் விடவில்லை. தம்பி சிணுங்கினால் அவள்தான் முதலில் ஓடுவாள். அம்மா குரலைச் சற்று உயர்த்தினால் ஒன்றும் நடக்காதது போல நகர்ந்து வந்து தம்பிக்கு முன்னால் நிற்பாள். எதையும் கேட்டு அடம் பிடிப்பதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்னதும் படுத்தாள். அவ்வளவு நல்ல பிள்ளை. அந்த நல்லதனம்தான் ஐஸுக்குப் பயமாக இருந்தது. "இனிமே தம்பிய நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ விளையாடு" என்றால், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, விளையாடுவது போல உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கேட்டேவிட்டாள். "இன்னிக்கு உன் கை எப்படிம்மா இருக்கு?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாய் போனது. "காலையில நல்லா இருந்தது. இப்ப கொஞ்சம் களைப்பா இருக்கு" என்றாள். பெரியவள் யோசித்தாள். "அத்தைய கூப்பிடணுமா?" "இப்ப வேணாம். வேணும்னா நானே கூப்பிடுவேன். அது என் வேலை, உன் வேலை இல்ல." அன்றிலிருந்து தினமும் அந்தக் கேள்வி வந்தது, தினமும் அவள் உள்ளதைச் சொன்னாள்.

பிறகு ஒரு சாயங்காலம். வேலையில் மோசமான நாள், தலை விண்விண் என்று தெறித்தது. சின்னவன் அக்காவின் கலர் பென்சிலை இரண்டாக ஒடித்துவிட்டான். பெரியவள் ஒடிந்த பென்சிலைப் பார்த்தாள். உதடு துடித்தது. அப்புறம் பென்சில் டப்பாவையே தூக்கிச் சுவரில் அடித்தாள். "என்னோடது! அது என்னோடது! எப்பவும் அவனுக்குத்தான் எல்லாம்! எனக்கு இந்த வீடே வேணாம்! நீயும் வேணாம்!" தரையில் விழுந்து புரண்டு, கதவை உதைத்தாள். அக்காவைப் பார்த்துச் சின்னவனும் வீரிட்டான். பென்சில்கள் நாலா பக்கமும் உருண்டன.

ஐஸுக்குச் சூடு தோளிலிருந்து கைக்கு இறங்கியது. அதே கை. இரண்டடி பின்னால் போய், இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, உரக்கச் சொன்னாள். "எனக்குக் கோபம் வருது. ரொம்ப வருது. அத்தைய கூப்பிடப் போறேன்." போனை எடுத்தாள். "அண்ணி, வர முடியுமா?" போனை வைத்துவிட்டு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பெரியவள் ஓயவில்லை. எழுந்து ஓடி வந்து சின்ன முஷ்டிகளால் அம்மாவின் முழங்காலில் குத்தினாள். "எங்கயும் போகக் கூடாது! உள்ள போய் பூட்டிக்கக் கூடாது!"

"போகல" என்றாள் ஐஸ். குரல் கரகரத்து, உடைந்து, அவளுடையதாகவே வந்தது. "இங்கதான் இருக்கேன்."

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள் அண்ணி. சின்னவன் ஒரு மூலையில் பென்சில் பொறுக்கிக்கொண்டிருந்தான். பெரியவள் அம்மாவின் மடியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, தொண்டை கம்மிப்போக இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். எதையும் கேட்காத அண்ணி அன்றைக்கு வாயைத் திறந்து கேட்டாள்.

"இவளா கத்தறது?"

"ஆமா அண்ணி" என்றாள் ஐஸ். கண்ணீர் தாடை வரை இறங்கியிருந்தது, துடைக்கவில்லை, ஏனென்றால் இரண்டு கையும் மகளின் முதுகில் இருந்தன. "இவதான். நல்லா கத்தட்டும்."